மெதுவா வளரும், பட்டுனு உடையும்: மைக்கோபாக்டீரியாவின் விசித்திரம்

[திரையில்: நீண்டுக்கிட்டே போற ஒரு செல்]

இந்தக் குச்சியையே பாருங்க. மணிக்கணக்கா அசையாம நீண்டுட்டே இருக்கு. இப்போ... பட்! பாத்தீங்களா? மடங்கி, வி வடிவத்துல நிக்குது. அந்த உடைசலுக்கு ஆனது சில மில்லி செகண்டுதான். ரீவைண்ட் பண்ணிப் பாருங்க, நான் வெயிட் பண்றேன்.

வணக்கம் மக்களே! பின்னணியை ஒரே மூச்சுல முடிச்சிடலாம். நீங்க பாத்தது மைக்கோபாக்டீரியாங்கிற பாக்டீரியா. காசநோய் (டிபி), தொழுநோய்க் கிருமிகள் எல்லாம் இந்த வகையறா. கொழுப்பு நிறைஞ்ச செல் சுவர், சாயம் லேசுல ஏறாது. ஏறிட்டா ஆசிட் ஊத்தினாலும் போகாது. டிபி கிருமியைக் கண்டுபிடிச்சதா ராபர்ட் கோக் அறிவிச்சது 1882ல. அவ்ளோதான்.

[திரையில்: நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள்]

பாடப்புத்தகத்துல நேர்க்கோடு போட்டு முடிச்சிடுவாங்க. நிஜ ஸ்லைடுல ஒண்ணு வளைஞ்சிருக்கும், இன்னொண்ணுல சாயம் விட்டு விட்டுப் புள்ளி புள்ளியா தெரியும். டிபி கிருமி நீளம் 2 முதல் 4 மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல சில பங்கு. லேப்ல வளர்க்கும்போது பக்கம் பக்கமா ஒட்டி, கயிறா திரிஞ்சு நிக்கும்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். குடல்ல வாழுற ஈ-கோலைங்கிற பாக்டீரியா நீளும்போது பக்கச் சுவர் நெடுக புதுச் சுவரைச் சேர்க்கும். நம்ம மைக்கோபாக்டீரியா அப்படியில்ல, ரெண்டு நுனியில மட்டும்தான் வளருவார். ரெண்டா பிரிஞ்சா, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழைய நுனி, ஒரு புது நுனி. பழைய நுனிதான் வேகமா வளரும். அதனால கூடப்பிறந்த ரெண்டுமே ஒரே அளவா, ஒரே வேகமா இருக்காது. ஸ்மெக்மாட்டிஸ்ங்கிற இனத்துல ஆன்டிபயாடிக்கைத் தாங்குறதுல கூட வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. ஒரே தாய், ஒரே ஜீன், ஆனா மருந்துக்கு ஒருத்தர் சாவார், ஒருத்தர் தப்பிப்பார். அநியாயம் இல்லையா?

அந்த 'பட்' எப்படி? உள்ளே தடுப்புச் சுவர் எழும்பி ரெண்டு செல் ஆயிடும், ஆனா வெளித்தோல் ரெண்டையும் பிடிச்சிட்டே இருக்கும். உள்ளழுத்தத்தால அந்தத் தோல்ல இழுவிசை ஏற ஏற ஒரு பக்கம் கீறல் விடும்; மறுபக்கம் கதவுக் கீல் மாதிரி ஒட்டியே நிக்கும். வி வந்தது இப்படித்தான்.

வேகம்? ஒண்ணு ரெண்டாக ஈ-கோலைக்கு நல்ல சூழல்ல 20 நிமிஷம். டிபிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள். லேப்ல கிருமி வளர்க்குற கெட்டியான ஊடகத்துல காலனி, அதாவது கிருமிக் கூட்டம், கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்கு ஆகும்.

தொழுநோய்க் கிருமியோ ரெட்டிப்பாகவே சுமார் ரெண்டு வாரம் எடுக்கும். லேப் ஊடகத்துல வளரவே மாட்டேங்குது, ஆர்மடில்லோங்கிற ஓடு போர்த்தின விலங்கோட உடம்புல வளருது! அந்தக் கதை தனி வீடியோவா வேணும்னா கமெண்ட்ல 'ஆர்மடில்லோ'ன்னு போடுங்க.