புயல் காலமும் வீட்டு ஜெனரேட்டரும்

நேயர்களுக்கு வணக்கம்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் இருட்டைவிட மக்களை வாட்டியது தண்ணீர்தான். ஆழ்துளைக் கிணற்றில் நீர் இருந்தும் தொட்டிக்கு ஏற்ற வழியில்லாததால், ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து வீடு வீடாகத் தொட்டி நிரப்பினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி வைக்க எண்ணும் குடும்பங்களுக்காகவே இதைப் பேசுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்பு, மின்சாரம் இல்லாத நாளில் வீட்டில் எவையெல்லாம் கட்டாயம் ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு மின்விசிறிகளுக்கு 300 வாட், பத்து எல்இடி விளக்குகளுக்கு 100 வாட், குளிர்சாதனப் பெட்டிக்கு 200 வாட், தொலைக்காட்சிக்கு 100 வாட் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 700 வாட்தான் வருகிறது. இதற்கு 2 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம்; கேவிஏ என்பது ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு. கணக்கை மாற்றுவது தண்ணீர் மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். அதைத் தாங்க 4 முதல் 5 கேவிஏ வரை வேண்டியிருக்கும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை முதலில் கிளப்பி, அது சீராக ஓடிய பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுவதே முறை. விலைப்பட்டியலில் 5 கேவிஏ என்றிருந்தால் 5 கிலோவாட் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கேவிஏவில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்பதைத் திறன் காரணி என்பார்கள்; அது 0.8 என்றால் கிடைப்பது 4 கிலோவாட்தான்.

வீடு முழுவதும், குளிரூட்டி உட்பட, வழக்கம்போல் இயங்க வேண்டும் என்று 15 கேவிஏ டீசல் ஜெனரேட்டரை வாங்குகிறவர்கள் உண்டு. இது எனக்கு உடன்பாடில்லை. டீசல் என்ஜினை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பளுவில் நெடுநேரம் ஓட்டினால், எரிபொருள் முழுவதும் எரியாமல் கரி படிந்து என்ஜின் கெடும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், இரவு விளக்கையும் மின்விசிறியையும் அது பார்த்துக்கொள்ளும். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைக் காலையிலும் மாலையிலும் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டித் தொட்டியை நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியைக் குளிரவைத்து, பேட்டரிக்கும் ஓரளவு மின்னேற்றிவிடலாம். எரிபொருளுக்குப் பெட்ரோல் பங்க்கில் வரிசை நிற்கும் நாட்களில் இந்தச் சிக்கனம் பெரிய உதவி. ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பியிருக்கும் நோயாளி உள்ள வீட்டில் மட்டும், நீண்ட நேரம் ஓடத்தக்க டீசல் ஜெனரேட்டரை நான் பரிந்துரைப்பேன்.

ஜெனரேட்டர் வாங்கும் பணத்திலேயே சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கும், அதாவது வீட்டு இணைப்பைத் தெருக்கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சுக்கும், ஒதுக்குங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை ஜெனரேட்டரில் ஒரு பக்கமும் சுவர் பிளக்கில் மறுபக்கமும் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அப்போது மெயின் சுவிட்ச் அணைக்கப்படாமல் இருந்தால், அந்த 230 வோல்ட் தெருக்கம்பிக்குப் போகும். அங்கிருந்து மின்மாற்றிக்குள் எதிர்த்திசையில் நுழைந்து மறுபக்கம் ஏறத்தாழ 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். லைன் அணைக்கப்பட்டுவிட்டது என்று நம்பி ஒருவர் அந்தக் கம்பத்தின் மேல் ஏறியிருப்பார். கஜாவின்போது பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் நமக்காகச் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களின் உயிர் நம் வீட்டுப் பலகையில் இருக்கும் ஒரு சுவிட்சைப் பொறுத்தது. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சுவிட்சாக, அதாவது ஒற்றை முனை இணைப்புக்கு இரண்டு துருவமும் மும்முனை இணைப்புக்கு நான்கு துருவமும் உள்ளதாக, உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு பொருத்துங்கள். எர்த் இணைப்பையும் அவரே பார்க்கட்டும். பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்படாமல் வருவதால், மின்கசிவு நேர்ந்தாலும், அப்போது மின்சாரத்தை நிறுத்த வேண்டிய பாதுகாப்புச் சுவிட்சான வீட்டின் ஆர்சிசிபி துண்டிக்காமல் போகலாம்.

அடுத்தது புகை. மழையில் நனையக் கூடாது என்று வராந்தாவிலோ மாடிப்படிக்குக் கீழேயோ கார் நிறுத்துமிடத்திலோ ஜெனரேட்டரை வைத்து ஓட்டுகிறார்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு அது ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் தோன்றும். உறங்குபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. ஜன்னலைத் திறந்துவைப்பது போதாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, கதவு ஜன்னல்களுக்கு எதிரே புகைக்குழாய் இல்லாதபடி, நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரையின் கீழ் மேடை கட்டி வையுங்கள். அக்கம்பக்கத்தார் வீட்டு ஜன்னலும் இந்தக் கணக்கில் அடங்கும்.

பராமரிப்பு எளிது. மாதம் ஒரு முறை பளு கொடுத்துக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஆயிலின் அளவை ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுக் கிளப்புங்கள். கையேட்டில் சொல்லியுள்ள மணிக்கணக்கில் மாற்றுங்கள். பெட்ரோலை மாதக்கணக்கில் டாங்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டரில் பிசின்போல் படிந்து, தேவைப்படும் நாளில் என்ஜின் கிளம்பாது. ஆகவே நீண்ட நாள் நிறுத்தும்போது டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ எரிபொருள் ஊற்ற வேண்டாம். நிறுத்துவதற்கு முன் எல்லாப் பளுவையும் அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிட்டு ஆறவைத்த பிறகே நிறுத்துங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வயர்மேனை அழைத்து இந்த வேலைகளைச் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு அவர் கிடைப்பது அரிது. நன்றி, வணக்கம்.