அந்தத் துளைக்குப் பின்னால் எத்தனை ஓம்?

வணக்கம் நேயர்களே. வீட்டில் ஸ்டீரியோ ரிசீவர் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களை மனத்தில் வைத்து இன்று பேசுகிறேன். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக அமைந்த பெட்டியைத்தான் ரிசீவர் என்கிறோம். அதன் முகப்பில் ஒரு மூலையில் ஹெட்போன் செருகும் துளை இருக்கும். ஸ்பீக்கர் வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிற நாம், அந்தத் துளையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல், பக்கத்து அறையில் பிள்ளை பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, நமக்கு வாய்க்கிற சங்கீதம் முழுவதும் அந்தத் துளை வழியாகத்தான் வருகிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். எழுபதுகளில் செய்த ரிசீவர் ஒன்றைப் பிள்ளையைப்போல் வைத்துக் காப்பாற்றி வருகிறார். ஒருநாள் புது ஹெட்போனுடன் வந்தார். "தம்பி, இதைக் கைப்பேசியில் மாட்டினால் தெளிவாக இருக்கிறது. என் பெட்டியில் மாட்டினால் பானைக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கிறது. பெட்டிக்கு வயதாகிவிட்டதா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த கவலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், ஒரு கச்சேரிப் பதிவு. மிருதங்கத்தில் தொப்பியின், அதாவது தாழ்ந்த ஓசை தரும் இடப்பக்கத்தின், ஓசை வீங்கி நின்றது. வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் அதற்குப் பின்னால் மங்கிக் கிடந்தன. பாட்டு நின்ற இடங்களில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல். ஆனால் ஸ்பீக்கரில் அதே பதிவு அப்பழுக்கில்லாமல் ஒலித்தது. ஆகவே பெட்டிக்கு வயதாகவில்லை.

மூடியைக் கழற்றி, ஹெட்போன் துளையிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போனேன். அது நேராக ஸ்பீக்கருக்குப் போகும் இடத்தில் முடிந்தது. நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சிறு தடைகள், ஒவ்வொன்றும் 330 ஓம். ஓம் என்பது அந்தத் தடையின் அளவு. ஹெட்போனுக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் எதுவும் இல்லை. ஸ்பீக்கரை முழக்குகிற அதே ஆற்றல், இந்த இரண்டு ரெசிஸ்டரால் அடக்கப்பட்டுக் காதுக்கு வருகிறது. அவ்வளவுதான் ஏற்பாடு.

இதில் என்ன கெடுகிறது? மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து வரும் குழாய் மெல்லியது. கீழே குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் வேகம் இருக்கும்; முழுவதும் திறந்தால் வேகம் விழுந்துவிடும். தொட்டியில் தண்ணீர் இருந்தும், நடுவில் இருக்கும் மெல்லிய குழாய் விடாது. அந்த மெல்லிய குழாய்தான் 330 ஓம்.

ஹெட்போனின் அட்டையில் 32 ஓம் என்று போட்டிருந்தது. மின்மறுப்பு என்று பாடநூல் சொல்லும். கடையில் 'எத்தனை ஓம்' என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்த 32 எல்லா ஓசைக்கும் ஒரே 32 அல்ல. அளந்து பார்த்தேன், 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது தாழ்ந்த ஓசைகளில், 60 ஓம் வரை ஏறியது. ஓம் ஏறினால் ஹெட்போன் இழுக்கும் மின்சாரம் குறைகிறது. கொஞ்சமாகத் திறந்த குழாய்போல அங்கே மட்டும் அழுத்தம் விழாமல் நிற்கிறது. கணக்குப் போட்டால் அந்த இடத்தில் மட்டும் ஒலி கிட்டத்தட்ட 5 டெசிபல் கூடுகிறது; டெசிபல் என்பது ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அளவு. தொப்பி வீங்கியதற்குக் காரணம் அதுதான். வாசித்தவரிடம் குறையில்லை, பதிவிலும் குறையில்லை.

ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் பிறகு, ஹெட்போனுக்கு இணையாக 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று பற்றவைத்தேன். இரண்டும் சேர்ந்து சில ரூபாய். இப்போது ஹெட்போன் பார்க்கும் தடை 10 ஓமுக்கும் சற்றுக் குறைவு. 5 டெசிபல் வீக்கம் 1 டெசிபலாக வற்றிவிட்டது. ஒலி மொத்தமாகக் குறையும், ஆகவே குமிழைக் கூடுதலாகத் திருப்ப வேண்டும். ஆனால் அந்த 'உஸ்' இரைச்சலும் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் குறைந்துவிட்டது. ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தனி ஆவர்த்தனம் முழுவதும் கேட்டார். எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார்.

அந்தக் காலத்துப் பொறியாளர்களை நான் குறைசொல்ல மாட்டேன். தொடரில் ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டால், 32 ஓம் ஹெட்போனுக்கும் 600 ஓம் ஹெட்போனுக்கும் பெரிய வித்தியாசமில்லாமல் ஆற்றல் போகும். தவறிக் குமிழைத் திருகினாலும் காது தப்பும். யோசித்துச் செய்த ஏற்பாடு அது. 1996இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமே 120 ஓம் என்று ஒரு தரநிலையில் பரிந்துரைத்தது. 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு இத்தகைய பழைய துளை இன்றும் பெரிய பாதகம் செய்வதில்லை. இன்று கடையில் கிடைப்பவற்றில் மிகப் பல 32 ஓமை ஒட்டியவை. அவற்றுக்குத் துளையின் தடை எட்டில் ஒரு பங்குக்குள், அதாவது 4 ஓமுக்குள் இருப்பது நல்லது.

நான் பல வருடங்களாகச் சொல்லிவருவது இதைத்தான். பெட்டியின் முதுகில் ஸ்பீக்கருக்கு '8 ஓம்' என்று அச்சடிக்கிறார்கள். முகப்பில் இருக்கும் துளைக்கு எத்தனை ஓம் என்று பல பெட்டிகளில் கையேட்டில்கூட ஒரு வரி கிடையாது. ஒரே ஓர் எண். அதைப் போட்டால் எந்த ஹெட்போன் தோதுப்படும் என்று வாங்குகிறவர் வீட்டிலிருந்தே முடிவுசெய்யலாம். கடைக்குப் போகும்போது கேளுங்கள்: அந்தத் துளைக்குப் பின்னால் எத்தனை ஓம்? பதில் தெரியாவிட்டாலும் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் கையேட்டில் அந்த வரி வந்துவிடும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். புதிய சினிமா ரிசீவர்களைப் பற்றிச் சொல்ல நினைத்தது இன்று முடியாது. அளக்கும் வழியை மட்டும் சொல்லிவிடுகிறேன். 100 ஹெர்ட்ஸ் ஓசை ஒன்றைச் சன்னமான ஒலியில் ஓடவிட்டு, துளையில் வரும் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் பாருங்கள். பிறகு 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே இணைத்து மறுபடி பாருங்கள். எண் பாதியானால் உங்கள் துளையும் 33 ஓம். பாதிக்கும் கீழே விழுந்தால் அதைவிட அதிகம். அசையவே இல்லையென்றால் நல்ல துளை. பெட்டியைத் திறக்கும் வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். சில புதிய பெட்டிகளில் ஸ்பீக்கரின் கறுப்புக் கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும். வணக்கம்.