கடைசிக் காட்சியை வெட்டியது ஒருவர், ஊரெல்லாம் சேர்த்தது யார்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம். "இணையத்தில் பரவும் வதந்திக்கும் வெறுப்புக்கும் பெரிதும் பொறுப்பு பயன்படுத்துவோரா, தளங்களை நடத்தும் நிறுவனங்களா?" என்பது இன்றைய வழக்கு. நிறுவனங்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துச் சென்றிருக்கிறார். கத்தி பழத்தையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும், அதற்குக் கொல்லன் பொறுப்பாளி அல்லன் என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, வதந்தி இணையத்தோடு பிறந்ததன்று என்றார். தீர விசாரிக்காமல் அனுப்புகிற விரலைத் தண்டித்தால் மற்றவை தாமே அடங்கும் என்றார். மூன்றுக்கும் விடை சொல்வேன். அதற்கு முன், நம் மாநிலத்தில் நடந்த ஒன்றை அவையின் முன் வைக்க வேண்டியிருக்கிறது.

2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள். சென்னையிலிருந்து 65 வயதுப் பெண்மணி ஒருவர், குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காக உறவினர்களோடு காரில் புறப்பட்டுத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் வந்தார். வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பேரன் பேத்தி எடுத்த வயதில் எந்தப் பாட்டிதான் குழந்தைகளைக் கண்டால் வெறுங்கையோடு நிற்பாள்? அந்த மிட்டாயைக் கண்டவர்கள் அவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று முடிவுகட்டினார்கள். கூட்டம் சேர்ந்தது. அவர் அடித்தே கொல்லப்பட்டார், உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாளில் பழவேற்காட்டில் இன்னொரு மனிதரையும் இதே சந்தேகத்தின் பேரில் அடித்துக் கொன்றார்கள். பல வாரங்களாகவே வட மாவட்டக் கைபேசிகளில், வெளிமாநிலத்துக் கும்பல் ஒன்று குழந்தைகளைக் கடத்த இறங்கியிருக்கிறது என்ற குரல்பதிவுகளும் காணொளிகளும் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய காணொளிகளுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். பின்னால் இருப்பவர் ஒரு சிறுவனைச் சட்டென்று தூக்கிக்கொள்ள, வண்டி பறந்துவிடுகிறது. மற்றச் சிறுவர்கள் துரத்துகிறார்கள். அதோடு காணொளி முடிந்துவிடுகிறது. பார்த்த எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். ஆனால் அது இந்தியாவில் எடுத்ததே அன்று. பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடிகர்களை வைத்து எடுத்த விளம்பரப் படம் அது. முழுப் படத்தில் அதே வண்டி திரும்பி வருகிறது, சிறுவனைப் பத்திரமாக இறக்கிவிடுகிறார்கள், பிறகு ஒரு அட்டையை விரித்துக் காட்டுகிறார்கள். கராச்சித் தெருவிலிருந்து ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று அதில் எழுதியிருக்கிறது. யாரோ ஒருவர் அந்தக் கடைசிக் காட்சியை வெட்டி எறிந்தார். படத்தின் பொருளையே தாங்கி நின்ற அந்தச் சில நொடிகள் போனதும், விழிப்பூட்ட எடுத்த படம் கொலைக்குத் தூண்டும் படமாகிவிட்டது.

வெட்டியவர் குற்றவாளி என்பதில் எனக்கு ஐயமில்லை. எதிரணியும் நானும் வேறுபடுவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். வெட்டிய படத்தை வைத்திருக்கும் ஒருவர், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்கு அதைக் காட்டலாம். அதே படம் சில வாரங்களில் எத்தனையோ மாநிலங்களுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் அதற்கு ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையைப் போட்டுவைத்தது யார்? அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே முறையில் சுமார் 250 உரையாடல்களுக்கு அனுப்ப முடிந்தது. அந்த உரையாடல்களுள் ஒவ்வொன்றும் பெரிய குழுவாகவும் இருக்கலாம். படத்துக்கும் காணொளிக்கும் பக்கத்திலேயே, ஒரே தட்டில் அனுப்புவதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது. இவற்றையெல்லாம்விடக் கொடியது ஒன்றும் இருந்தது. வந்த செய்தி அனுப்பியவர் தாமே எழுதியதா, எங்கிருந்தோ கைமாறி வந்ததா என்று காட்டும் குறி எதுவும் இல்லை. கராச்சிப் படம் பெரியப்பாவின் பெயரில் வந்தது. பெரியப்பா சொன்னால் வீட்டில் யார் மறுப்பார்கள்? தீர விசாரிக்க வேண்டும் என்று எதிரணி அறிவுறுத்துகிறது. எங்கிருந்து வந்தது என்ற அடையாளத்தையே அழித்துவிட்டு நீட்டிய பொருளை, போளூர்ப் பக்கத்து விவசாயி எந்த வாசலில் போய் நின்று விசாரிப்பார்?

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்த வழக்கின் மையம், நடுவர் அவர்களே. 2018 ஜூலை 1ஆம் நாள், மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற சிற்றூரில், பிழைப்புக்காக ஊர் ஊராகச் செல்லும் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் இதே பிள்ளைபிடி வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். நாடு கொதித்தது, வாட்ஸ்அப் நிறுவனத்தை மத்திய அரசு கண்டித்தது. அதன் பிறகுதான், ஜூலை 10ஆம் நாள், கைமாறி வரும் செய்திகளின் மேல் 'ஃபார்வர்டட்' என்ற குறி தோன்றியது. அந்த மாதத்திலேயே, இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்ற வரம்பை நிறுவனம் அறிவித்தது. காணொளிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பொத்தானையும் எடுத்துவிடுவதாகச் சொன்னது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வரம்பை இன்னும் இறுக்கியது. அடுத்த சில வாரங்களில் உலக அளவில் அத்தகைய செய்திகளின் நடமாட்டம் 70 விழுக்காடு குறைந்துவிட்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது.

70 விழுக்காடு என்ற இந்த எண்ணை அவையோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அந்தச் சில வாரங்களில் மக்கள் மாறிவிட்டார்களா? உலகம் முழுவதும் பெரியப்பாக்களும் சித்திகளும் திடீரென்று தீர விசாரிக்கக் கற்றுக்கொண்டார்களா? நோய்த்தொற்றால் ஊரே அடங்கி, ஓயாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. மனிதர்கள் அதே மனிதர்கள், அச்சமும் அதே அச்சம், விரலும் அதே விரல். நிறுவனம் ஓர் எண்ணை ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைத்தது, வெள்ளம் வடிந்தது. மடையைத் திறந்து மூடும் கை யாருடையது என்பதற்கு இதைவிட நேரான சான்றை என்னால் காட்ட முடியாது. அந்தச் சான்றை எனக்குத் தந்ததும் நிறுவனமே.

கத்தி உவமைக்கு இனி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தான் விற்ற கத்தியை 250 கைகளில் ஒரே நொடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறியையும் கூடவே செய்து கொடுக்கும் கொல்லனை நான் கண்டதில்லை. ஊர் வாய்க்கும் ஓர் எல்லை உண்டு. பேச்சு அடுத்த ஊருக்கு நடந்து போகும்போது, அங்கே உண்மை தெரிந்த ஒருவர் குறுக்கே நின்று, "அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும், அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்வதற்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தைப் பறித்ததுதான் புதிது.

என் வகுப்பில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் பாடம் நடத்துபவள். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் படத்தை எடுத்து, அவள் பெயரிலேயே ஒரு சமூக ஊடகத்தில் போலிக் கணக்குத் தொடங்கினார்கள். தமிழில், வாயால் சொல்லக் கூசும் வசவுகளை அதில் எழுதினார்கள். அவளும் நானும் துறையில் இன்னும் நால்வரும் அந்தத் தளத்தில் முறையிட்டோம். மூன்றாம் நாள் ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. அந்தப் பதிவு அவர்களுடைய விதிகளுக்கு முரணாக இல்லையாம். எழுதியிருந்த சொற்களை எந்தத் தமிழ்க் குழந்தை படித்தாலும் வசவு என்று சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தில் இல்லை என்றுதான் நான் எண்ண வேண்டியிருந்தது. அவள் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. வந்த பிறகும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள்.

ஒரு மாணவிக்கு நேர்ந்ததை ஒரு நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் அது இலங்கை. 2018 பிப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சோற்றில் கருத்தடை மருந்து கலந்திருப்பதாக வதந்தி எழுந்து, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரசு ஆய்வகம் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. மாவுக்கட்டி என்று தெரிவதற்குள், மார்ச் மாதத் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகனைப் பகுதி எரியத் தொடங்கிவிட்டது. அரசு நெருக்கடி நிலையை அறிவித்து, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றைச் சில நாட்கள் முடக்கியது. கைக்குழந்தையைக்கூட விடாதே என்ற பொருளில் சிங்களத்தில் எழுதிய ஒரு பதிவைப் பற்றி முறையிட்டவருக்கு, அது விதிகளை மீறவில்லை என்றே பதில் வந்தது. கொழும்பின் குடிமைச் சமூக அமைப்புகள் ஃபேஸ்புக்கின் தலைவருக்கு எழுதிய திறந்த மடலில் இதை எடுத்துக்காட்டின. 2020 மே மாதம், அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. குற்றம் சாட்டப்பட்டவரே மன்னிப்புக் கேட்டுவிட்ட வழக்கில், எதிரணி இன்னும் அவருக்காக வாதாடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

விரலைத் தண்டிக்கலாம் என்பது மூன்றாம் வாதம். தண்டித்தே பார்த்த நாடு நம் நாடு. 2012 நவம்பரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்ததையொட்டி மும்பை அடைபட்டுக் கிடந்ததைக் கேள்வி கேட்டு, மகாராஷ்டிரத்தின் பால்கர் ஊரைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி ஃபேஸ்புக்கில் எழுதினாள். இன்னொருத்தி அதற்கு விருப்பக்குறி இட்டாள். இருவரையும் காவல்துறை கைது செய்தது. யாரையும் அடிக்கச் சொல்லாத, யாரைப் பற்றியும் பொய் சொல்லாத ஒரு கருத்துக்கும், அதன் கீழே வைத்த ஒரு குறிக்கும் சிறைக்கதவு திறந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளுபடி செய்யும் வரை, அந்தப் பிரிவு இப்படித்தான் பயன்பட்டது. விரலைத் தண்டிக்கும் சட்டம் கைக்கு எட்டுகிற விரலைத்தான் பிடிக்கும். கராச்சிப் படத்தின் கடைசிக் காட்சியை வெட்டிய விரல் யாருடையது என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது.

எதிரணியின் சார்பில் இன்னும் ஒரு நியாயத்தை நானே எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் அது வலுவானது. வாட்ஸ்அப் செய்திகள் இரு முனையிலும் பூட்டப்பட்டவை, நிறுவனமே திறந்து படிக்க முடியாது, படிக்க முடியாததற்கு எப்படிப் பொறுப்பேற்பது என்று கேட்கலாம். அந்தப் பூட்டை உடைக்கச் சொல்ல நான் வரவில்லை. நாம் தாயோடு பேசுவதையும் மருத்துவரோடு பேசுவதையும் காக்கும் பூட்டு அது, உடைத்தால் அதிகாரத்தில் இருப்பவர் எவரும் எட்டிப் பார்ப்பார். ஆனால் 'ஃபார்வர்டட்' குறியைப் போடுவதற்கு யாருடைய செய்தியையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து என்ற வரம்புக்கும் ஒன்று என்ற வரம்புக்கும் எந்தப் பூட்டையும் தொட வேண்டியிருக்கவில்லை. எத்தனை முறை கைமாறியது என்ற எண்ணிக்கை ஒன்றே போதுமானதாக இருந்தது.

வரம்பு வந்த பிறகும் வதந்தி ஒழியவில்லை என்பது உண்மைதான். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று, எங்கோ வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைக் காட்சிகளைக் காட்டிப் பரப்பினார்கள். திருப்பூரில் உழைத்துக்கொண்டிருந்தவர்கள் அஞ்சினார்கள், பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது, நம் காவல்துறை இந்தியில் விளக்கம் கொடுக்க நேர்ந்தது. அந்தப் பொய்யில் பெரும்பகுதி, பூட்டே இல்லாத பொதுவெளித் தளங்களில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஓடியது. பார்வை கூடினால் விளம்பர வருவாய் கூடும் என்று கணக்குப் போட்டுவைத்திருக்கும் தளங்களில், பொய்யான காட்சிக்கும் மெய்யான காட்சிக்கும் கூலி ஒன்றே. அந்தக் கணக்கை எழுதியவர்கள் நாமல்லர்.

நடுவர் அவர்கள் தீர்ப்பெழுதும்போது இரண்டு நாட்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். போளூருக்கு அருகே அந்தப் பெண்மணி கொல்லப்பட்டது மே 9. ஒரு செய்தி கைமாறி வந்தது என்று சொல்லும் அந்தச் சிறிய குறி தோன்றியது ஜூலை 10. அதைச் செய்யத் தெரியாமல் இருந்தவர்கள் அல்லர் அவர்கள், தெரிந்திருந்தது என்பதை ஜூலையில் அவர்களே காட்டிவிட்டார்கள். இடையில் கழிந்த இரண்டு மாதங்களுக்கு, ரெயின்பாடாவின் ஐந்து உயிர்களுக்கும் சேர்த்து, யார் கணக்குச் சொல்வது என்பதை நடுவர் அவர்களின் தீர்ப்புக்கு விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.