கணக்கு முடிப்பதற்கு முன்னால்

அனைவருக்கும் வணக்கம். ஆட்குறைப்பைப் பற்றி உங்களிடம் பேச ஒரே ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்கிறேன், நோக்கியா. ஆட்களை அனுப்பும் வேலையை அது ஒருமுறை மிக மோசமாகச் செய்தது. அடுத்தமுறை யோசித்துச் செய்தது.

2008 ஜனவரியில், ஜெர்மனியின் போஹும் நகரத் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 2,300 பேருக்கு வேலை போயிற்று. கம்பெனி நஷ்டத்தில் இல்லை, நல்ல லாபத்தில்தான் இருந்தது. ருமேனியாவில் கூலி குறைவு, அதனால் அங்கே போகிறோம் என்றார்கள். ஊரே தெருவுக்கு வந்தது, நோக்கியா போனை வாங்காதீர்கள் என்ற குரல் எழுந்தது. கடைசியில் தொழிலாளர்களுக்காக 20 கோடி யூரோ ஒதுக்க வேண்டிவந்தது. போன இடமாவது நிலைத்ததா? ருமேனியத் தொழிற்சாலையை மூடும் அறிவிப்பு 2011இலேயே வந்துவிட்டது.

அதே 2011இல் இன்னும் பெரிய ஆட்குறைப்பு வந்தது. 13 நாடுகளில் சுமார் 18,000 பேர். போஹும் தந்த பாடம் தலைமையில் இருந்தவர்களுக்கு மறக்கவில்லை. 'பிரிட்ஜ்' என்று ஒரு திட்டம் போட்டார்கள். விஷயத்தை முன்கூட்டியே ஊழியரிடம் சொன்னார்கள். உள்ளேயே வேறு வேலை தேடலாம், வெளியே தேட உதவி பெறலாம், புதிதாக ஏதாவது படிக்கலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம். தொழில் தொடங்கப் பணமும் கொடுத்தார்கள். அப்படி ஏறக்குறைய 1,000 சிறு நிறுவனங்கள் பிறந்தன. செலவு சுமார் 5 கோடி யூரோ. இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2,300 பேருக்கு 20 கோடி, 18,000 பேருக்கு 5 கோடி. ஆனால் பணம் மிச்சம் என்பதற்காக இதை நான் சொல்லவில்லை. அந்த 18,000 பேருக்கு அடுத்த வேலையைத் தேட அவகாசம் கிடைத்தது, அதற்காகச் சொல்கிறேன்.

சரி, நம் பக்கம் வருவோம். ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்று நம் சட்டம் சொல்கிறது. அது அடிமட்டக் கோடு. பல முதலாளிகள் அதையே உச்சவரம்பாக நினைத்துக்கொள்கிறார்கள், எனக்கு இதுதான் வருத்தம்.

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2006இல் உற்பத்தி தொடங்கியது. வரி வழக்கில் சொத்துகள் முடங்கியதால், 2014இல் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேராமல் வெளியே நின்றது. அந்த வருடம் நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் போய்விட்டார்கள். அதை 'விருப்பம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே ஏராளமான கிராமத்துப் பெண்கள் வேலை பார்த்தார்கள். 19 வயதில் சேர்ந்தவளுக்கு அப்போது 27 வயது. போன் பாகங்களைப் பொருத்தத் தெரியும், வேறு வேலை பழகியதில்லை. பக்கத்து ஆலைக்குப் போனால் பள்ளி முடித்த புதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும். இழப்பீட்டுப் பணம் கடனுக்கும் கல்யாணத்துக்கும் போய்விடும். ஒரு வருடம் முன்னால் யாராவது அவளை உட்காரவைத்து, "இந்த ஆலை நிலைக்காது, நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய்?" என்று கேட்டிருக்க வேண்டும்.