வண்டியில் வருகிறவர்களுக்கு ரேஷன் அரிசி எதற்கு என்று கேட்டவருக்கு

வணக்கம் நண்பர்களே. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: இந்த மாதத் துவரம் பருப்பு கிடைத்துவிட்டது. இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். ஒரு கிலோ, 30 ரூபாய். நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் பொட்டலத்தின் மீது எனக்கு இருக்கும் பற்று தெரியும். சென்ற மாதம் "பருப்பு இன்னும் இறங்கவில்லை", "நாளைக்கு வாருங்கள்", "பாமாயில் மட்டும்தான் இருக்கிறது" என்ற பதில்களை மாறி மாறிக் கேட்டுவிட்டு, கடைசியில் மளிகைக் கடையில் 100 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய எரிச்சலை ஒரு முழுக் காணொளியாகவே போட்டிருந்தேன். இந்த முறை மாதத்தின் முதல் வாரத்திலேயே, கடையின் ஷட்டர் ஏறுவதற்கு முன்பே, வழக்கமான மஞ்சள் பையுடன் போய் நின்றுவிட்டேன். பருப்பு 30, ஒரு லிட்டர் பாமாயில் 25, இரண்டு கிலோ சர்க்கரை 50, ஆக மொத்தம் 105 ரூபாய். 20 கிலோ அரிசிக்குக் காசு கிடையாது. நால்வர் உள்ள எங்கள் வீட்டில் இதை விட நிறைவான ரசீது ஒன்று மாதம் முழுவதும் வருவதில்லை.

இந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பியிருந்தால் இன்று வேறு காணொளி எடுத்திருப்பேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். துணிக்கடை ஒன்றின் சீருடைச் சேலை, பழைய ஸ்கூட்டர், ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருப்பதாக அவரே சொன்னார். அவருடைய பெருவிரல் ரேகை இயந்திரத்தில் பதியவில்லை; சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மீண்டும் வைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் கடையில் தராசையும் இயந்திரத்தையும் இணைத்த பிறகு, ஒவ்வொரு பொருளும் எடை நின்று ரசீது வரும் வரை அடுத்தவருக்கு நகர்வதில்லை என்பதால், பின்னால் இருந்தவர்கள் பொறுமை இழக்கத் தொடங்கினார்கள். அப்போது ஒரு பெரியவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வண்டியில் வருகிறார்கள், கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார்கள், புருஷன் பெண்டாட்டி இருவரும் சம்பாதிக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் அரசாங்கம் எதற்கு அரிசி கொடுக்க வேண்டும்? ஒன்றும் இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் போதாதா?" அவரும் அதே வரிசையில்தான் பையோடு நின்றார் என்பதை விட்டுவிடுவோம்.

அங்கே நான் வாய் திறக்கவில்லை. வரிசையில் வாதம் செய்தால் வரிசை இன்னும் தாமதமாகும். ஆனால் அந்தக் கேள்வியை நம்மில் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம் என்பதால், ஐயா, உங்களுக்கான பதிலை இங்கே சொல்கிறேன்.

உங்கள் விருப்பப்படி "ஒன்றும் இல்லாதவர்களை" மட்டும் பிரித்தெடுக்கும் முயற்சி ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. தகுதியான குடும்பங்களைத் தேர்ந்து மலிவாகத் தானியம் கொடுக்கும் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. தமிழ்நாடு 2016 நவம்பர் 1 முதல் அதில் சேர்ந்தது. சேரும்படி நெருக்கியது ஒரு விலைதான்: சட்டத்துக்கு வெளியே நின்றால், அதுவரை கிலோ 8 ரூபாய் 30 காசுக்குக் கொடுத்துவந்த வறுமைக் கோட்டுக்கு மேற்பட்டோருக்கான அரிசியை 22 ரூபாய் 54 காசுக்குத்தான் தருவோம் என்று ஒன்றிய அரசு கூறியது. அதன் பிறகு 2017 ஜூலையில் தமிழ்நாட்டின் அரசிதழில், முன்னுரிமைக் குடும்பமாக, அதாவது அந்தச் சட்டத்தின் பயனைப் பெறும் குடும்பமாக, யாரெல்லாம் கருதப்பட மாட்டார்கள் என்ற பட்டியல் வெளியாயிற்று. வருமான வரி செலுத்துபவர், தொழில் வரி செலுத்துபவர், ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர், குளிர்சாதனக் கருவி உள்ளவர், கார் உள்ளவர், மூன்று அறைகளோ அதற்கு மேலோ உள்ள கான்கிரீட் வீட்டில் இருப்பவர், எல்லா வழிகளிலும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பம் என்று அந்தப் பட்டியல் நீளும்.

அந்த ஒரு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். நான் என் கணக்கு நோட்டில் வகுத்து வைத்திருக்கிறேன்: மாதம் 8,333 ரூபாய். இது ஒருவருடைய சம்பளத்துக்கான வரம்பு அன்று, முழுக் குடும்பத்துக்குமான வரம்பு. துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் ஒரு பெண் மாதம் 10,000 ரூபாய் வாங்கினால், கணவர் ஒரு ரூபாயும் சம்பாதிக்காவிட்டாலும்கூட அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடுகிறது. வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போகிறவர் வெளியே, போகாதவர் உள்ளே. உழைப்பதற்கு அபராதம் விதிப்பதை விட மோசமான ஏழ்மை அளவுகோல் ஒன்றை வேண்டுமென்றே யோசித்தாலும் உருவாக்க முடியாது என்பது என் கருத்து.

தொழில் வரியைச் சொன்னேன் அல்லவா, அதில்தான் எனக்குக் கோபம் அதிகம். தொழில் வரி என்ற பெயரைக் கேட்டவுடன் டாக்டரும் வக்கீலும் நினைவுக்கு வரலாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் இந்த வரி, அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினாலே தொடங்கிவிடும். அதாவது மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் சம்பளச் சீட்டில் இருந்தால் பிடித்தம் செய்யலாம். ரசீதில்லாமல் கூலி வாங்குபவரை இந்த வரி எட்டுவதில்லை. முறையான நிறுவனத்தில், பி.எஃப். பிடித்தத்தோடு, ஒழுங்காகக் கணக்கு வைத்து வேலை செய்யும் துப்புரவுப் பணியாளரும் காவலாளியும்தான் இந்த வரியால் "வசதி படைத்தோர்" வரிசைக்குத் தள்ளப்படுகிறார்கள். வீட்டு அறைகளின் கணக்கும் இப்படித்தான். அப்பா கட்டிய மூன்றறை வீட்டை மூன்று சகோதரர்கள் அறைக்கு ஒரு குடும்பமாகப் பங்கிட்டுக்கொண்டு வாழும் தெருக்கள் மதுரையில் எத்தனையோ இருக்கின்றன. செல்லூர்ப் பக்கம் போனால் நானே காட்டுகிறேன். விதியைப் படிக்கும் அலுவலருக்கு அங்கே தெரிவது மூன்று கான்கிரீட் அறைகள் மட்டுமே.

நல்லவேளையாக, இங்கே இந்தப் பட்டியல் நம் அரிசியைப் பறிக்கவில்லை. பட்டியல் வெளியானபோது எழுந்த அச்சத்துக்கு அன்றைய உணவுத் துறை அமைச்சர் காமராஜ், அனைவருக்குமான பொது விநியோகம் தொடரும் என்று பதில் சொன்னார். அது தொடரவும் செய்கிறது. உங்கள் ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்று இருந்தாலும், என்.பி.எச்.எச். (முன்னுரிமை அல்லாத குடும்பம்) என்று இருந்தாலும், பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு 20 கிலோ அரிசி வருகிறது. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாயாக இருந்து, 2011 ஜூனில் விலையே இல்லாமல் போன அரிசி இது. சட்டத்துக்குள் வராதவர்களுக்கான சுமையை மாநில அரசு ஏற்கிறது. உணவு மானியமாக ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்குகிறது.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டத்தின் கணக்கையே பார்க்கலாம். தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் 62.55 விழுக்காட்டினரும், நகர்ப்புறத்தில் 37.79 விழுக்காட்டினரும் மட்டுமே சட்டத்தின் கீழ் வருவார்கள். அதற்கான மக்கள் தொகையோ இன்னும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. நகரத்தில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்றால், அந்த ஆறு பேரும் தட்டுப்பாடின்றிச் சாப்பிடுகிறவர்களா? ஆட்டோ ஓட்டுபவர், உணவு டெலிவரி செய்பவர், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவர், தனியார் பள்ளி வேன் ஓட்டுநர் என்று பலர் அந்த ஆறில் இருக்கிறார்கள். ஸ்கூட்டரும் ஸ்மார்ட்போனும் இவர்களுக்குப் பகட்டுப் பொருட்கள் அல்ல. அவை இல்லாமல் பாதிப் பேருக்கு வேலையே கிடையாது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோடு போட்டுப் பிரிக்கும் சோதனையைத் தமிழ்நாடு ஒரு முறை செய்தும் பார்த்திருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 'எச்' அட்டை என்ற பிரிவை உண்டாக்கி அரிசியை நிறுத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓர் இடம்கூட வெல்லாத நிலையில், தேர்தல் முடிந்த கையோடு விலக்கிக்கொள்ளப்பட்டவற்றில் இந்த 'எச்' அட்டையும் ஒன்று. இன்றும் பாருங்கள், மகளிர் உரிமைத் தொகைக்கு மாநில அரசு வைத்திருக்கும் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். ஒரு துறையின் கணக்கில் உதவிக்குத் தகுதியான குடும்பம், இன்னொரு துறையின் காகிதத்தில் முன்னுரிமைக்குத் தகுதியற்றது. இப்படிப்பட்ட வரம்புகளையும், அவற்றுக்காக அலைய வைக்கும் வருமானச் சான்றிதழையும் நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்பது பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மறுபடியும் ஆரம்பிக்க மாட்டேன்.

பெரியவர் சொல்லாத, ஆனால் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாதம் இருக்கிறது. ரேஷன் அரிசி கேரளத்துக்குக் கடத்தப்படுகிறது, கோழித் தீவனமாகிறது, வாங்கியவர்களே விற்கிறார்கள் என்பது உண்மைதான். விற்பவர்களைக் கண்டால் எனக்கும் ஆகாது. உண்மையாகவே வேண்டாதவர்கள் சர்க்கரை அட்டைக்கோ, பொருள் வாங்காத அட்டைக்கோ மாறிக்கொள்ளும் வழி இருக்கிறது. அதை விட வலுவான வாதம், அரசு அரிசி கொடுப்பதால் முதலாளிகள் குறைந்த கூலி கொடுத்தே தப்பித்துக்கொள்கிறார்கள் என்பது. இதைக் கேட்கும்போது எனக்கு ஒரு பழைய புலம்பல் நினைவுக்கு வருகிறது. ஒரு ரூபாய் அரிசி வந்த புதிதில், "வீட்டில் அரிசி இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் சொன்ன கூலிக்கு வேலைக்கு வருவதில்லை" என்று நிலம் வைத்திருப்பவர்கள் ஊர் ஊராகக் குறைபட்டுக்கொண்டார்கள். குறைபட்டவர்கள் யார் என்பதிலேயே அந்த அரிசி கூலியை எந்தப் பக்கம் இழுத்தது என்பது தெரிந்துவிடுகிறது. நாளைய சோற்றுக்கு உத்தரவாதம் உள்ளவர்தான் இன்றைய கூலியைப் பேரம் பேச முடியும்.

அரிசியின் தரத்தைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. ஒன்று மட்டும்: களையும்போது மிதக்கும் அந்த வெள்ளை மணிகள் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் பி12உம் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி, பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் கருவிழிப் பதிவில்தான் அரிசி கிடைத்தது. "கடையில் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள் அக்கா" என்று விற்பனையாளரிடம் சொல்லிக்கொண்டே மூட்டையை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக் காலால் அணைத்துக்கொண்டு போனார். அரை நாள் சம்பளத்தைக் கழித்தால், இலவச அரிசி அவருக்கு இலவசமே இல்லை. பெரியவருக்கு நான் சொல்ல விரும்பியதும் இதுதான்: உழைக்கும் குடும்பத்துக்கு அரிசி கொடுக்கலாமா என்று கேட்கும் நேரத்தில், கொடுப்பது அவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று கேட்கலாம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது; எனக்கு மிகவும் பிடித்த திட்டம் அது. ஆனால் காலை முதல் மாலை வரை வேலையில் இருப்பவருக்கு அதில் இடமில்லை. கடை திறந்திருக்கும் நேரமும் அவர் வேலை நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. மாதத்தில் சில நாட்களாவது இரவு எட்டரை, ஒன்பது மணி வரை கடை திறந்திருக்க வேண்டும். அப்படித் திறந்தால் விற்பனையாளருக்குக் கூடுதல் ஊதியம் கொடுக்க வேண்டும், அவரும் குறைந்த சம்பளத்தில் நாள் முழுவதும் உழைப்பவர்தான். தொழில் வரிக் கட்டத்தை விலக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டையும் நானே மனுவாக எழுதி வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். மனுவின் நகலை அடுத்த காணொளியில் காட்டுகிறேன். உங்கள் ஊர்க் கடை எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்பதைக் கீழே எழுதுங்கள், அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.