மாசி மழையும் பங்குனி ஆமையும்

(கடற்கரைத் தன்னார்வலர் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். மீனவர் குப்பத்தில் போய்க் காலநிலை மாற்றத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? அதை மட்டும் சொல்கிறேன்.

நான் முதல்முறை போனபோது பனிமலை உருகும் படங்களைக் கொண்டுபோனேன். மணலில் வலை விரித்து நெத்திலி காயவைத்திருந்த ஓர் ஆயா எல்லாப் படத்தையும் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் ஒரு கை மீனை அள்ளிக் காட்டினார். ராத்திரி மழையில் ஊறி, கொழகொழவென்று விரலில் ஒட்டியது. "மாசியில இப்படிக் கொட்டுதே, அது ஏன்னு சொல்லுப்பா" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் படங்களை அதற்கப்புறம் நான் எடுக்கவே இல்லை.

இன்றைக்குக் கேட்டால் சொல்வேன். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. ஆனால் அன்று பெய்த அந்த ஒரு மழைக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சென்னையில் மாணவர்கள் 1988 முதல் ராத்திரியில் கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் வைத்த பேரிலேயே காலம் இருக்கிறது. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். நடைக்குக் குப்பத்துப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். குழியில் கைவிடச் சொல்லுங்கள். மேல்மணல் சில்லென்று இருக்கும். முழங்கை ஆழத்தில் கதகதவென்று இருக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அந்தச் சூடுதான். சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சுகளே அதிகம். இன்னும் ஏறினால் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். அந்தக் கதகதப்பைக் கையால் உணர்ந்த பிள்ளை, வீட்டில் போய் அம்மாவிடம் தானே சொல்லும். நீங்கள் பத்துக் கூட்டம் போட்டாலும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்று. கடற்கரையில் நடக்கிற எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டாதீர்கள். 2025 ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. விசைப்படகுகள் இழுத்துப்போகும் வலையான இழுவைமடியில் மாட்டி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்தவைதான் அதில் பெரும்பாலும். ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அப்படித்தான். தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே கரை போனது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய கதை இது. அங்குள்ள பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் போய்க் கடல்மட்டம் ஏறியதால்தான் வீடு போனது என்றால், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள். சுவரைப் பற்றி முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிறகு, ஏற்கெனவே அரித்த கரையில் ஏறிவரும் கடல் இன்னும் உள்ளே வரும் என்பதைச் சொல்லுங்கள். காதுகொடுத்துக் கேட்பார்கள்.

சரி, இன்று ராத்திரி 11 மணிக்கு நீலாங்கரையில் கூடுகிறோம். பெசன்ட் நகர் வரை நடை. ஆமை கரையேறுவதைப் பார்த்தால் டார்ச்சை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். குப்பத்திலிருந்து இன்று நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். முதல் குழியில் அவர்கள்தான் கைவிட வேண்டும்.