கொக்கு என்றொரு சொல்

வணக்கம். இன்றைய உரைக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். கொக்கு. மூன்றே எழுத்து. ஒன்றாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும் என்று நினைப்போம். பலகையில் படம், பக்கத்தில் எழுத்து, பிள்ளைகள் சேர்ந்து உரக்கச் சொன்னால் பாடம் முடிந்தது. ஆனால் அந்த வகுப்பில் பார்வை இல்லாத பிள்ளை ஒன்று, காது மெஷின் போட்ட பிள்ளை ஒன்று, எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளை ஒன்று, எதையும் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை ஒன்று இருந்தால், அந்த ஐந்து நிமிடப் பாடம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்தில் அறுந்துபோகிறது. எங்கே அறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை.

மருத்துவச் சான்றிதழ் அதைச் சொல்லாது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக்கியது. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் இன்னின்ன உரிமை என்று வரையறுத்தது. உரிமை கேட்க அந்தத் தாள் கட்டாயம் வேண்டும். பாடம் நடத்த அது உதவாது. ஒரே சதவீதம் எழுதிய இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு எல்லாமே மங்கலாகத் தெரியும். இன்னொருவனுக்குக் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெளிவாகத் தெரியும். முதலாமவனுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் படிப்பான். இரண்டாமவனுக்குப் பெரிதாக்கினால் ஒரு சொல்லில் பாதிதான் குழாய்க்குள் அடங்கும். முன்பு படித்ததையும் இப்போது படிக்க மாட்டான். "பெரிய எழுத்துப் புத்தகம் கொடுத்தும் படிக்கவில்லையே" என்று குறைபடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

முழுவதும் பார்வை இல்லாத பிள்ளைக்கு வருவோம். அவளுக்கு எழுத்துக்கு முன்னால் கொக்கு வேண்டும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுத்து "இதுதான் கொக்கு" என்றால், அவள் மனத்தில் சிட்டுக்குருவி அளவில் ஒரு கொக்கு நின்றுவிடும். மாட்டுக்குப் பக்கத்திலேயே மேயும் உண்ணிக்கொக்கு ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். அரை மீட்டர்க் குச்சி ஒன்றைத் தரையில் நிறுத்தி, அடியிலிருந்து நுனி வரை கையால் தடவச் சொல்லுங்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லுங்கள். பறவையின் இறகு ஒன்றைக் கையில் கொடுங்கள். பிறகு பொம்மையைக் கொடுக்கலாம், "இது சின்னதாகச் செய்தது" என்று சொல்லி. வெள்ளை என்ற சொல்லை ஒளிக்க வேண்டியதில்லை. ஊரில் எல்லோரும் சொல்லும் சொல் அவளுக்கும் வேண்டும்.

அடுத்து எழுத்து. கேட்டுக்கொண்டே ஒரு தாளில் ஆறு புள்ளி வையுங்கள்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. இதுதான் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தின் கட்டம். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் ஏற்பட்டது. தமிழும் அதில்தான் எழுதப்படுகிறது. க என்பதற்கு 1, 3. ஒ என்பதற்கு 1, 3, 4, 6. உ என்பதற்கு 1, 3, 6. மெய்யைக் காட்டும் புள்ளிக்கு 4 மட்டும். இதில் கொம்பும் கிடையாது, காலும் கிடையாது. க எழுதி ஒ எழுதினால் கொ. காதில் விழும் வரிசையே கையில் வரும் வரிசை. கொக்கு என்பது க, ஒ, புள்ளி, க, க, உ என்று ஆறு கட்டம்.

ஓரிடத்தில்தான் முரண். அச்சில் க-வை எழுதிவிட்டு மேலே புள்ளி வைக்கிறோம். பிரெய்லில் புள்ளி முன்னால் வரும், க பின்னால் வரும். பார்வையுள்ள ஆசிரியர் பிரெய்ல் கற்கும்போது இதில்தான் தடுக்குவார். பிள்ளைக்கு வரும் தடுக்கல் வேறு. அ என்பது 1-ஆம் புள்ளி மட்டும். மெய்ப்புள்ளி 4-ஆம் புள்ளி மட்டும். இரண்டும் விரலுக்கு ஒற்றைப் புள்ளிதான். கட்டத்தின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை முந்திய எழுத்திலிருந்து உள்ள இடைவெளியை வைத்தே விரல் அறிய வேண்டும். ஒ-வுக்குப் பின் அ வந்தால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி, மெய்ப்புள்ளி வந்தால் ஆறு. தொடக்கத்தில் எந்த விரலுக்கும் அது பிடிபடாது. அதனால் மெய்ப்புள்ளியைத் தனி எழுத்தாக நடத்தாதீர்கள். க், ம், ல் என்று இரண்டு கட்டமும் சேர்ந்த ஜோடியாகவே தடவப் பழக்குங்கள். விரலை அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். அழுத்தினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து தெரியும். லேசாக, இடமிருந்து வலமாக, இரண்டு கையாலும் படிக்க வேண்டும்.

ஸ்லேட் என்ற குழிச்சட்டமும் ஸ்டைலஸ் என்ற குத்தூசியும் வைத்து எழுதும்போது தாளின் பின்புறம் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். 1, 2, 3 வலப்பக்கம் வந்துவிடும். "இடது, வலது" என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இரண்டு தனி எழுத்து முறைகளை மனப்பாடம் செய்ய நேரும். "முதல் பக்கம், இரண்டாம் பக்கம்" என்று சொன்னால் படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒன்றே போதும். முட்டை அட்டையில் மூன்றுக்கு இரண்டாக ஆறு குழியை வெட்டி, எலுமிச்சம்பழம் வைத்துப் பழக்கலாம். தாள் சதுர மீட்டருக்கு 120 முதல் 140 கிராம் கனம் இருந்தால் புள்ளி நிற்கும். மாதக் காலண்டர் தாளும் பயன்படும். சாதாரண நோட்டுத் தாளில் ஸ்டைலஸ் ஓட்டை போடும். ஓட்டையைப் படிக்க முடியாது.

இப்போது கண்ணும் காதும் நன்றாக இருந்தும் எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளை. கற்றல் குறைபாடு என்கிறோம். அவன் முன்னால் அச்சில் உள்ள கொ இருக்கிறது. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லியிருக்கிறோம். முதலில் கொம்பு வருகிறது. தனியாக அதற்கு ஒலி கிடையாது. பிறகு க. பிறகு கால், கா-வில் அதுவே ஆ என்று ஒலித்தது. அவன் "கெகா" என்றோ "கெர" என்றோ படிக்கிறான். காலும் ர-வும் அவனுக்கு ஒன்றுபோலத் தெரியும். நாம் சொன்ன விதிப்படிதான் படிக்கிறான், எழுத்துதான் விதியை மீறுகிறது. 1978-இல் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய தும்பிக்கை வடிவத்தைக் கைவிட்டது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரிய உபகாரம். கொம்பும் காலும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

என்ன செய்யலாம்? கொம்பையும் காலையும் சிவப்பிலும் க-வைக் கறுப்பிலும் எழுதுங்கள். "சிவப்பு இரண்டும் சேர்ந்தால் ஒ" என்பது ஒன்றே பாடம். கொ, தொ, பொ, மொ என்று சிவப்பு மாறாமல் கறுப்பு மட்டும் மாறட்டும். மணல் தட்டில் விரலால் எழுதும்போது, எழுத்து முழுதும் முடிந்த பிறகே ஒலியைச் சொல்லச் சொல்லுங்கள். பாதியில் சொன்னால் கொம்புக்கு ஒரு பொய் ஒலி ஒட்டிக்கொள்ளும். கெ-வையும் கொ-வையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள். ஒன்று உறுதியான பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து மற்றது. ண-ன, ல-ள, ர-ற எல்லாவற்றுக்கும் இதுவே முறை. இம்போசிஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். பத்து முறை எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் ஒரு கோடு பிசகும். மிச்சம் ஏழு வரியும் அந்தப் பிசகைப் பார்த்தே எழுதுவான். தப்பை ஏழு முறை பயிற்சி கொடுத்தது நாம்தான்.

காது கேளாமைக்குச் சட்டம் சொல்லும் அளவு, இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு என்றால் கேட்கும் திறன் குறைவு, 70-உம் அதற்கு மேலும் என்றால் காது கேளாமை. 50 டெசிபல் இழப்புள்ள பிள்ளை இந்தப் பட்டியலில் வராது. ஆனால் அதன் நிலையைப் பாருங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் நாம் பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல். தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டரில் 48. ஆசிரியர் பக்கத்தில் வந்து பேசினால் கேட்கும், பலகைக்குப் போனால் கேட்காது. "வேண்டும்போது மட்டும் காது கேட்கும் இவனுக்கு" என்று பெயர் வாங்குவது இந்தப் பிள்ளைதான்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான் என்று நம்புகிறோம். கொக்கு என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். க நாக்கின் பின்புறம், வாய்க்கு உள்ளே பிறக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. கடைசி உ குற்றியலுகரம், உதடு குவியாது. மொத்தச் சொல்லிலும் கண்ணுக்குத் தெரிவது ஒ-வுக்காக ஒரு முறை உதடு குவிவது மட்டும். கொட்டு என்றாலும் கொத்து என்றாலும் ஏறக்குறைய அதே உதடுதான். ஆகவே படம், சைகை, எழுத்து மூன்றும் சொல்லோடு சேர்ந்து வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருண்டுபோகும். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். கத்தாதீர்கள்; கத்தினால் உதட்டின் வடிவம் கெடும்.

மெஷின் போட்ட பிள்ளைக்குக் காலையில் அரை நிமிடச் சோதனை ஒன்று உண்டு. டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். வாயை மறைத்துக்கொண்டு, வரிசையை மாற்றி, ஒழுங்கில்லாத இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒரே தாளத்தில் சொன்னால் பிள்ளை தாளத்தை வைத்தே சமாளித்துவிடும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறும் கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியையும் மெஷினின் குழாயில் நீர் அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நேற்றுக் கேட்ட ஷ், ஸ் இன்று கேட்கவில்லை என்றால் காது பரிசோதகரிடம் அனுப்புங்கள். மெஷின் விசில் அடித்தால் பலர் உடனே ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் மோல்டில், அதாவது காதுக்குள் பொருந்தும் அச்சில், இருக்கும். பிள்ளை வளர வளரக் காதும் வளர்கிறது. பழைய மோல்டு தளர்ந்து, பெருக்கிய ஒலி வெளியே கசிந்து மைக்குக்குள்ளேயே திரும்பிப் போகிறது. புது மோல்டு எடுக்க வேண்டும். ஒலியைக் குறைத்தால் விசில் நிற்கும், கேட்பதும் நின்றுவிடும்.

இன்னொன்று. சொல் வந்த பிறகும் இந்தப் பிள்ளைகள் "கொக்கு மீன் பிடி" என்று எழுதுவார்கள். கொக்கை, கொக்குக்கு, கொக்கால் என்று தமிழில் பொருளைத் திருப்புகிற உருபு சொல்லின் கடைசியில், குரல் தாழும் இடத்தில் இருக்கிறது. அது அவர்கள் காதுக்கே போகவில்லை. உருபை வேறு நிறத்தில் எழுதிக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு மூன்று படி: பொருத்துதல், எடுத்துக் காட்டுதல், பெயர் சொல்லுதல். முதலில் கொக்குப் படத்தோடு அதே படத்தைச் சேர்க்க வேண்டும். அடுத்து இரண்டு படத்தில் "கொக்கு எது?" என்றால் எடுக்க வேண்டும். கடைசியில்தான் "இது என்ன?" என்ற கேள்வி. நாம் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்கி, தெரியவில்லை என்று முடித்துவிடுகிறோம். இரண்டாம் படியில் ஒரு பொறி இருக்கிறது. சரியான அட்டையை அறியாமலே எப்போதும் வலப்பக்கம் வைப்போம். பிள்ளை வலப்பக்கத்தைக் கற்றுக்கொள்ளும். நம் கண் அந்த அட்டைக்குப் போகும். பிள்ளை நம் கண்ணைக் கற்றுக்கொள்ளும். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், பார்வையைப் பிள்ளையின் முகத்தில் வையுங்கள். ஐந்துக்கு ஐந்து சரியாக, மூன்று நாள் தொடர்ந்து, வேறு ஆளிடமும் வேறு படத்திலும் வந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். அதே சமயம், அந்தப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது என்றால் கொக்கை விட்டுவிடுங்கள் என்பேன். ஆண்கள், பெண்கள், அபாயம், ஊர் பஸ்ஸின் எண், தன் பெயர் ஆகியவற்றைப் பார்த்ததும் அறிவது அவனுக்கு அவசரம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை "இது என்ன?" என்றால் "இது என்ன?" என்றே திருப்பிச் சொல்லக்கூடும். கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டு, இடைவெளி விடாமல் "கொக்கு" என்று விடையை உரக்கச் சொல்லுங்கள். விடைதான் திரும்பி வரும். பிறகு உங்கள் "கொக்கு" நாளுக்கு நாள் தேயட்டும்: "கொக்...", "கொ...", வெறும் உதட்டசைவு.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் பாடத்துக்கு முன்னால் நாற்காலியைப் பாருங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில், பாதம் தரையிலோ பலகையிலோ ஊன்றி, மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் விழாமல் இருக்கவே உடம்பின் பலம் போய்விடும், கை நடுங்கும். பேச்சு வராவிட்டால் இரண்டு அட்டையை நன்றாகத் தள்ளி வைத்துக் கண்ணால் காட்டச் சொல்லலாம். கேட்டுவிட்டுப் பத்து நொடி வாய் திறக்காமல் இருங்கள். இரண்டாம் முறை கேட்டால் அந்த உடம்பு முதலிலிருந்து புறப்பட வேண்டும்.

கடைசியாகத் தேர்வு. கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு 2016 சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. எழுதுபவரைப் பொதுத்தேர்வு அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளைகள் நிறைய. சொல்லி எழுதவைப்பது தனித் திறமை: ஒரு வாக்கியத்தை மனத்தில் முழுதாகக் கட்டி, எழுதுபவரின் வேகத்துக்கு நிறுத்தி, "ஒற்றை ற, இங்கே முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி" என்று சொல்லி, எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லித் திருத்த வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பருவத் தேர்விலும் இப்படி எழுதவைத்துப் பழக்குங்கள். எழுதுபவராக ஒரே ஆளை வைத்துக்கொள்ளாதீர்கள். பொதுத்தேர்வில் வருபவர் பழகிய ஆளாக இருக்க மாட்டார். நன்றி, வணக்கம்.